வெள்ளைக் கண் தாய்க்குச் சிவப்புக் கண் மகன்கள் பிறந்தது எப்படி? பழ ஈ கலப்புச் சோதனையில் ஒரு சந்தேகம்

குடந்தை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் முதுநிலை விலங்கியல் இறுதியாண்டு படித்து வருகிறேன். மரபியல் செய்முறைப் பாடத்துக்காகப் பழ ஈக்களைக் கொண்டு இரண்டு கலப்புகளைச் செய்து முடித்திருக்கிறேன். இரண்டிலுமே பாடநூல் சொல்லும் விகிதம் எனக்குக் கிடைக்கவில்லை. ரெக்கார்டு நோட்டை ஒப்படைக்க இன்னும் நான்கு வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் தவறு எங்கே நேர்ந்தது என்பதையாவது சரியாகப் புரிந்துகொண்டுவிட வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

ஈக்கள் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய டிரோசோபிலா (பழ ஈயின் அறிவியல் பெயர்) இருப்பு மையத்திலிருந்து வந்தவை. சிவப்புக் கண்ணும் முழுச் சிறகும் உள்ள இயல்பு வகை, வெள்ளைக் கண் வகை, சிறகு குறுகிப்போன எச்சச் சிறகு வகை என்று மூன்றையும் எங்கள் ஆசிரியர் இரவு ரயிலில் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். ரவை, வெல்லம், அகர் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் புரோப்பியானிக் அமிலம் கலந்து, ஆறிய பிறகு மேலே ஈஸ்ட் தூவி உணவு தயாரித்தேன். குப்பிகள் இருந்த அறையில் விடியற்காலையில் 27 டிகிரியும் பிற்பகலில் 31 டிகிரியும் இருந்தன. கன்னிப் பெண் ஈக்களை, அதாவது இன்னும் எந்த ஆணோடும் இணையாதவற்றை, பிரிப்பதற்காக, ஆய்வகத்தை மூடும் நேரமான மாலை 5 மணிக்குக் குப்பியிலிருந்த வளர்ந்த ஈக்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு, மறுநாள் காலை 9 மணிக்குள் கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்திருந்த பெண்களை எடுத்துக்கொண்டேன்.

முதல் கலப்பில் இயல்புச் சிறகுப் பெண்களையும் எச்சச் சிறகு ஆண்களையும் சேர்த்தேன். முதல் தலைமுறையில் அனைத்தும் இயல்புச் சிறகோடு வந்தன. அவற்றைக் குப்பிக்கு நான்கு இணைகளாக நான்கு குப்பிகளில் விட்டேன். இரண்டாம் தலைமுறையில் மொத்தம் 412 ஈக்களை எண்ணினேன். இயல்புச் சிறகு 331, எச்சச் சிறகு 81. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதப்படி 309க்கு 103 வந்திருக்க வேண்டும். கிடைத்த எண்கள் எதிர்பார்த்த விகிதத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் கை வர்க்கச் சோதனையில் 6.27 வருகிறது, 5 விழுக்காட்டு அளவில் எல்லை 3.84 என்பதால் விகிதம் பொருந்தவில்லை என்றே ஆகிறது. எச்சச் சிறகு ஈக்களில் ஆறுக்கு மட்டும் சிறகு மற்றவற்றைவிடச் சற்று நீண்டு, ஓரம் கடித்ததுபோல இருந்தது. அவற்றை எச்சச் சிறகாகவே கணக்கில் சேர்த்தேன். அது சரியா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாம் கலப்பில் வெள்ளைக் கண் பெண்களையும் சிவப்புக் கண் ஆண்களையும் மூன்று குப்பிகளில் சேர்த்து, எட்டாம் நாள் பெற்றோரை வெளியேற்றினேன். மகள்கள் எல்லாம் சிவப்பாகவும் மகன்கள் எல்லாம் வெள்ளையாகவும் வர வேண்டும். எனக்கு வந்தவை 240: சிவப்புக் கண் பெண் 108, வெள்ளைக் கண் ஆண் 109, வெள்ளைக் கண் பெண் 16, சிவப்புக் கண் ஆண் 7.

சென்ற ஆண்டு படிப்பை முடித்துச் சென்ற அக்கா ஒருவரிடம் கேட்டேன். 309க்கும் 103க்கும் அருகில் இரண்டு எண்களை எழுதிவிடு, புறத்தேர்வாளர் வந்து ஈக்களை எண்ணப் போவதில்லை என்றார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் லென்சின் கீழே ஒவ்வொன்றாகத் தூரிகை நுனியால் நகர்த்தி எண்ணிய பிறகு, வேறொரு எண்ணை எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தப் பிசகுகளுக்குக் காரணம் சொல்லக்கூடியவர்கள் உதவ வேண்டுகிறேன்.

வெண்ணாற்றங்கரை ஆசிரியை எழுதியது:

அன்புள்ள மாணவிக்கு, எண்களை மாற்றாமல் கொண்டுவந்து வைத்ததற்கு முதலில் என் பாராட்டு. தஞ்சைப் பகுதிக் கல்லூரியொன்றில் இந்தச் செய்முறையைப் பல ஆண்டுகள் நடத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டாம் கலப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில்தான் ஒவ்வொரு பிசகும் தனக்கென்று ஓர் அடையாளத்தோடு வந்து நிற்கிறது.

பெண் ஈக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். வெள்ளைக் கண்ணுக்கான ஜீன் எக்ஸில் இருக்கிறது, ஒய்யில் அதற்கு இணை கிடையாது. மகன் தன்னுடைய ஒரே எக்ஸைத் தாயிடமிருந்து பெறுகிறான்; மகள் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெறுகிறாள். தாய் வெள்ளைக் கண்ணாக இருக்கும்போது, தந்தை யாராக இருந்தாலும் மகன் வெள்ளைக் கண்ணனாகவே பிறப்பான். ஆகவே உங்கள் குப்பியில் மகளின் கண் தந்தை யார் என்பதைச் சொல்லும். மகனின் கண் தாய் யார் என்பதைச் சொல்லும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் இரண்டு சந்தேகங்களும் இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரிந்துவிடும்.

வெள்ளைக் கண் மகள்கள் 16 பேர் வந்திருக்கிறார்கள் என்றால் அவர்களுடைய தந்தை வெள்ளைக் கண்ணன். நீங்கள் குப்பியில் விட்டதோ சிவப்புக் கண் ஆண்களை மட்டுமே. அப்படியானால் தாய்மார்களில் சிலர், நீங்கள் எடுப்பதற்கு முன்பே, கூடப் பிறந்த வெள்ளைக் கண் ஆண்களோடு இணைந்துவிட்டிருக்கிறார்கள். பெண் ஈ ஒரு முறை பெற்ற விந்தைத் தன் உடலில் சேமித்து வைத்துக்கொண்டு பல நாட்கள் பயன்படுத்தும் என்பதால், பிறகு எந்த ஆணைச் சேர்த்தாலும் பழைய இணைவின் மக்கள் இடையிடையே வந்துகொண்டுதான் இருப்பார்கள். காரணம் உங்கள் கால அட்டவணையிலேயே இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஏறத்தாழ 8 மணி நேரத்துக்கு ஆணை ஏற்காது. நீங்கள் விட்ட இடைவெளி 16 மணி நேரம். 18 டிகிரியில் வைத்திருந்தால் அந்த இடைவெளி தாங்கியிருக்கும்; 27 டிகிரிக்கு மேல் இருக்கும் நம் அறைகளில் 8 மணி நேரம் என்பதையே குறைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலக் கையேடுகளில் உள்ள நேரக் கணக்கைக் குளிரூட்டும் அறை இல்லாத டெல்டா கல்லூரிகளில் அப்படியே பின்பற்றுவதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு.

செய்ய வேண்டியது எளிது. காலை 8 மணிக்குக் குப்பியைக் காலி செய்யுங்கள். நண்பகல் 1 மணிக்கு ஒரு முறையும் மாலை 5 மணிக்கு ஒரு முறையும் பெண்களைப் பிரித்தெடுங்கள். இரவில் வெளிவந்தவற்றைக் கலப்புக்கு எடுக்கவே வேண்டாம். புதிதாக வந்த ஈயை அடையாளம் காண்பதும் கடினமில்லை. உடல் வெளிறி, வயிறு நீண்டு, சிறகு இன்னும் முழுதாக விரியாமல் இருக்கும். அடிவயிற்றில், மெல்லிய தோலுக்குள்ளே, கடுகைவிடச் சிறியதொரு கரும்பச்சைப் புள்ளி தெரியும். கூட்டுப்புழுப் பருவத்தின் கழிவு அது. சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அந்தப் புள்ளி தெரியும் பெண்ணை நம்பி எடுக்கலாம். பிரித்த பெண்களை ஆண் இல்லாத குப்பியில் மூன்று நாட்கள் வைத்துப் பாருங்கள். கன்னி ஈயும் முட்டையிடும், ஆனால் அந்த முட்டைகள் பொரியாது. உணவின் மேல் புழு நெளிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுங்கள்.

சிவப்புக் கண் மகன்கள் 7 பேர் விஷயம் வேறு. கன்னித்தன்மை பிசகியதால் அவர்கள் வந்திருக்க முடியாது, ஏனெனில் தாயின் பழைய இணைவு எதுவாக இருந்தாலும் மகன் வெள்ளைக் கண்ணன்தான். எனவே அவர்கள் அந்தத் தாய்களின் மகன்களே அல்லாமல் இருக்கலாம். எட்டாம் நாள் வெளியேற்றியபோது பஞ்சு அடைப்பின் மடிப்பில் ஒளிந்து தப்பிய தந்தையராக இருக்கலாம். அல்லது குரோமோசோம் பிரியாமை நிகழ்ந்திருக்கலாம்: தாயின் இரண்டு எக்ஸும் பிரியாமல் ஒரே பக்கம் போய்விட, எக்ஸ் இல்லாத முட்டையைத் தந்தையின் எக்ஸ் தாங்கிய விந்து அடைந்தால் சிவப்புக் கண் மகன் பிறப்பான், அவன் மலடாக இருப்பான். அமெரிக்க மரபியலாளர் கால்வின் பிரிட்ஜஸ் 1916ஆம் ஆண்டில் இத்தகைய விதிவிலக்கான ஈக்களைக் கொண்டுதான் ஜீன்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்பதை நிறுவினார். ஆனால் அது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கும் கீழே நிகழ்வது. 240க்கு 7 என்பது அதற்கு மிக அதிகம். இந்த ஏழும் எந்தக் குப்பியில், எந்த நாளில் வந்தன என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

முதல் கலப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எச்சச் சிறகு ஈக்கள் இயல்பாகவே சற்றுப் பலவீனமானவை. நெரிசலான குப்பியில் புழுப் பருவத்திலேயே பின்தங்கும். வெளிவந்த பிறகு பறக்க இயலாமல் ஈரமான உணவில் ஒட்டிச் சாகும். எனவே குறைந்து வருவது புதிதல்ல. ஆனால் உங்கள் கலப்பில் இன்னொரு சாத்தியமும் மறைந்திருக்கிறது. நீங்கள் தாயாக எடுத்தது இயல்புச் சிறகுப் பெண்களை. அவர்களில் சிலர் கன்னிகளாக இல்லாமல் இருந்திருந்தால், பிறந்த மக்களில் சிலர் எச்சச் சிறகு ஜீனே இல்லாத தூய இயல்பு வகையாக இருந்திருப்பார்கள். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் முதல் தலைமுறையில் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. குப்பிக்கு நான்கு பெண்களில் ஒன்று அப்படிப்பட்டதாக இருந்தால்கூட எச்சச் சிறகு 25 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 19 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். உங்களுக்கு வந்தது 19.7. ஆகவே இனிமேல் எப்போதும் ஒடுங்கு பண்புடைய ஈயையே, அதாவது கலப்பின் முதல் தலைமுறையில் வெளியே தெரியாமல் மறையும் பண்புள்ளதையே, தாயாக வையுங்கள். தவறு நேர்ந்தால் முதல் தலைமுறையிலேயே எச்சச் சிறகோடு ஒரு ஈ வந்து உங்களுக்குச் சொல்லிவிடும்.

நீண்ட சிறகுள்ள ஆறு ஈக்களை நீங்கள் சேர்த்தது சரிதான். அந்தச் சிறகின் அளவு வளரும்போது நிலவும் வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரியை ஒட்டி வளர்ந்தவற்றுக்குச் சிறகு கூடுதலாக நீளும். பங்குனி பிறந்துவிட்டால் இன்னொரு தொல்லையும் சேரும்: 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வளர்ந்த ஆண்கள் மலடாகிவிடும். குப்பிகளைக் குளிர்ச்சியாக வைக்க இப்போதே வழி பாருங்கள்.

ஓய்வுபெற்ற விதைப்பண்ணைக்காரர் எழுதியது:

அம்மா, எனக்கு ஈயைப் பற்றித் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெல் விதைப்பண்ணையிலேயே காலம் கழித்தவன். ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்ததும், நாங்கள் நெல்லில் பட்ட பாடு நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

நெல் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும் பயிர். இரண்டு ரகங்களைக் கலப்பதானால், தாயாக வைக்கும் கதிரில் பூ திறப்பதற்கு முன்பே, முதல் நாள் மாலையிலோ விடிந்ததும் விடியாததுமாகவோ, ஒவ்வொரு பூவிலும் உமியின் நுனியை நறுக்கி ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். காலை 9 மணிக்கு மேல் வெயில் ஏறிப் பூ விரியத் தொடங்கிவிட்டால் அந்தக் கதிரைத் தொட்டுப் பயனில்லை. எடுத்த பிறகு காகித உறை போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வயல் மகரந்தம் காற்றில் வந்துவிடும். உங்களுடைய 8 மணி நேரமும் எங்களுடைய 9 மணி வெயிலும் ஒரே காரியம்தான். உங்கள் பஞ்சு அடைப்பும் எங்கள் காகித உறையும் ஒரே காரியம்தான்.

விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்பார்கள். விதைப்பண்ணையில் வேறாக ஒன்று முளைத்தால் அதற்கு மூன்று வழிகள்தான் உண்டு என்று எங்கள் மேலதிகாரி சொல்லிக் கொடுத்தார். நாற்றங்காலிலேயே கலந்திருக்க வேண்டும், அல்லது போன பருவத்தில் வயலில் உதிர்ந்த நெல் தானாக முளைத்திருக்க வேண்டும், அல்லது பூக்கும்போது அயல் மகரந்தம் வந்திருக்க வேண்டும். எந்த வழி என்பதை அது வயலில் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம். நடவு வரிசைக்குள் நின்றால் நாற்றங்கால், வரிசைக்கு வெளியே நின்றால் உதிர்ந்த நெல். ஆசிரியை எந்தக் குப்பி, எந்த நாள் என்று கேட்டதும் எனக்கு இதுதான் தோன்றியது.

ஒன்றில் மட்டும் உங்கள் வேலையும் என் வேலையும் வேறுபடுகின்றன. நாங்கள் கலவனை, அதாவது வேறாக முளைத்த செடியை, கண்டால் பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுவோம். விதை தூய்மையாக இருந்தால் போதும். நீங்கள் எறியக் கூடாது. உங்களுக்குக் கலவனும் கணக்கில் வர வேண்டியது.

குளிர்ச்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். அகன்ற மண்தொட்டியில் ஆற்று மணலைப் பரப்பி நனைத்து, அதன் நடுவில் சிறிய மண்பானையை வைத்து, பானைக்குள் குப்பிகளை வையுங்கள். பானை வாயை ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். குப்பியின் பஞ்சில் ஈரம் படக்கூடாது. நாகப்பட்டினம் பக்கம் கடல்காற்றின் ஈரத்தில் இது அவ்வளவாகப் பலன் தராது. கும்பகோணத்தில் இந்த மாதத்தில் பலன் தரும்.

குடந்தை மாணவி எழுதியது:

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. குப்பிவாரியான கணக்கு என்னிடம் இருக்கிறது. மொத்தமாகக் கூட்டியதில் அதைப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

சிவப்புக் கண் ஆண்கள் ஏழும் இரண்டாம் குப்பியில் மட்டுமே வந்திருக்கின்றன; அதுவும் எண்ணத் தொடங்கிய முதல் நாளில் இல்லை, 12ஆம் நாளிலிருந்து 15ஆம் நாள் வரை பரவலாக வந்தன. அந்தக் குப்பியில் சிவப்புக் கண் பெண் 44, வெள்ளைக் கண் ஆண் 31, வெள்ளைக் கண் பெண் 3. முதல் குப்பியில் முறையே 33, 36, 6. மூன்றாம் குப்பியில் 31, 42, 7. ஏழு ஆண்களையும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் தனியே போட்டு வைத்திருக்கிறேன்.

எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்த வாரத்தில் இளநிலை மாணவிகள் உள்ளூர் ஈக்களைப் பிடிப்பதற்காகக் கனிந்த பூவன் பழத்தை மசித்து, அதே மேசையின் மறு ஓரத்தில் திறந்த பாட்டில்களில் வைத்திருந்தார்கள். இரண்டாம் குப்பியின் பஞ்சு அடைப்பு தளர்ந்திருந்ததை நான் ஒரு நாள் பார்த்து மாற்றியதும் உண்டு.

முதல் கலப்பின் நான்கு குப்பிகள்: 57க்கு 17, 63க்கு 19, 100க்கு 21, 111க்கு 24. முதல் இரண்டையும் சேர்த்துக் கை வர்க்கம் பார்த்தால் 0.31தான் வருகிறது. பின் இரண்டையும் சேர்த்தால் 7.52. பிசகு முழுவதும் அந்த இரண்டு குப்பிகளில்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில்தான் ஈக்களும் அதிகம். நெரிசல் காரணமா, தாய் காரணமா என்று இதை வைத்து எப்படிப் பிரிப்பது?

ஓடம்போக்கியாற்று வாசகர் எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரான பதில்: இந்த எண்களை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டு காரணங்களும் இதே அளவு குறைவைத் தரக்கூடியவை. எச்சச் சிறகுப் பெண்ணைத் தாயாக வைத்து, குப்பிக்கு இரண்டு இணைகள் மட்டும் விட்டு மீண்டும் செய்வதுதான் வழி. அதுவரை இரண்டு காரணங்களையும் எழுதி வையுங்கள்.

சிவப்புக் கண் ஆண்களைப் பொறுத்தவரை, ஒளிந்திருந்த தந்தையராக இருந்தால் எண்ணத் தொடங்கிய முதல் நாளிலேயே அகப்பட்டிருப்பார்கள். நான்கு நாட்களில் பரவலாக வந்தது, அவர்கள் அந்தக் குப்பிக்குள்ளேயே முட்டையிலிருந்து வளர்ந்தவர்கள் என்று காட்டுகிறது. அந்தக் குப்பியில் சிவப்புக் கண் பெண்களும் மற்றக் குப்பிகளைவிடப் பத்துக்கு மேல் கூடுதலாக இருக்கிறார்கள். ஏற்கனவே இணைந்திருந்த உள்ளூர்ப் பெண் ஈ ஒன்று தளர்ந்த பஞ்சு வழியே நுழைந்து முட்டையிட்டிருந்தால் ஆணும் பெண்ணுமாக இப்படித்தான் வரும்.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை. ஆல்கஹாலில் உள்ள ஆண்களின் முன்னங்காலைப் பிடுங்கி, ஒரு துளி கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். மைசூரிலிருந்து வந்த டிரோசோபிலா மெலனோகாஸ்டர் இனமானால், பாதத்தின் முதல் கணுவில் பத்துப் பன்னிரண்டு பற்கள் கொண்ட கரிய பால் சீப்பு (ஆண் ஈக்கு மட்டுமே உள்ள, சீப்புப் போன்ற முள் வரிசை) ஒன்றே ஒன்று இருக்கும். வயிற்றின் நுனியும் கறுத்திருக்கும். நம் ஊர்ப் பழக்கடைகளில் மொய்க்கும் ஈக்களில் டிரோசோபிலா அனனாசே என்ற இனம் மிகுதி. அதன் ஆணுக்குச் சீப்புப் பற்கள் குறுக்கு வரிசைகளாக, ஒன்றுக்கு மேற்பட்ட கணுக்களில் அடுக்கி நிற்கும். உடல் மஞ்சள் கலந்த பழுப்பு, வயிற்று நுனியில் கறுப்பு இராது. மெலனோகாஸ்டர் ஆணில் குரோமோசோம் குறுக்கெதிர் மாற்றம் (இணைக் குரோமோசோம்கள் தம் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது) நிகழ்வதில்லை, அனனாசே ஆணில் நிகழும் என்பதற்காக அது மரபியலாளர்களிடையே தனிக் கவனம் பெற்ற இனம். உங்கள் ஏழும் அதுவானால் அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

எண்களை மாற்றி எழுதும் யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கண் ஆணை முதன்முதலில் கண்டு, 1910இல் அதைப் பற்றி எழுதிய தாமஸ் ஹன்ட் மார்கனின் எண்களைப் பாருங்கள். அந்த ஆணைச் சிவப்புக் கண் பெண்களோடு கலந்ததில், முதல் தலைமுறையில் 1,237 சிவப்புக் கண் ஈக்களோடு, வந்திருக்கக் கூடாத 3 வெள்ளைக் கண் ஆண்களும் வந்தன. அவர் அதை மறைக்கவில்லை. இரண்டாம் தலைமுறையில் சிவப்புக் கண் பெண் 2,459, சிவப்புக் கண் ஆண் 1,011, வெள்ளைக் கண் ஆண் 782. இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று பார்த்தால் வெள்ளைக் கண் ஆண் 1,063 இருக்க வேண்டும். 280க்கு மேல் குறைவு. உங்கள் கை வர்க்கச் சோதனையில் போட்டால் இது தேறவே தேறாது. ஆனாலும் வெள்ளைக் கண் ஆணில் மட்டுமே வந்தது என்ற ஒன்று அசையாமல் நின்றதால், கண் நிறம் ஆண், பெண் என்ற பாலோடு சேர்ந்து கடத்தப்படுகிறது என்பது வெளிப்பட்டது. 1933இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு வித்தானது இந்தப் பொருந்தாத எண்கள்தான். மாறாக, மரபியலின் முன்னோடி மெண்டலின் பட்டாணி எண்கள் விகிதத்தோடு மிகையாகப் பொருந்துகின்றன என்று புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1936இல் எழுதியது இன்றுவரை வாதமாகவே நீடிக்கிறது. 309க்கு அருகில் எழுதப்படும் எண்ணைப் பயிற்சியுள்ள தேர்வாளர் பார்த்தால் சந்தேகப்படத்தான் செய்வார்.

குடந்தை மாணவி எழுதியது:

நேற்று மாலை ஏழு ஆண்களின் முன்னங்கால்களையும் பார்த்தேன். ஏழிலும் சீப்பு குறுக்கு வரிசைகளாகவே இருக்கிறது. முதல் கணுவில் மட்டுமன்றி இரண்டாம் கணுவிலும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் இருப்பிலிருந்து ஓர் ஆணின் காலையும் பக்கத்தில் வைத்தேன். அதில் ஒரே வரிசை, கறுப்பு நூலில் முடிந்த சிறு சீப்பைப் போல. இதற்கு முன் கண் நிறத்தையும் வயிற்று நுனியையும் அவசரமாகப் பார்த்துவிட்டு ஆண் என்று குறித்துக்கொண்டேனே தவிர, காலை ஒரு முறையும் பார்க்கவில்லை.

அந்தக் குப்பியின் பெண்களில் எவை வெளியிலிருந்து வந்தவை என்று இப்போது உறுதியாகப் பிரிக்க முடியாததால், இரண்டாம் குப்பி முழுவதையும் கணக்கிலிருந்து நீக்கி, நீக்கியதையும் காரணத்தையும் ரெக்கார்டில் எழுதிவிட்டேன். மீதி இரண்டு குப்பிகளில் சிவப்புக் கண் பெண் 64, வெள்ளைக் கண் ஆண் 78, வெள்ளைக் கண் பெண் 13. கன்னியல்லாத தாய்களுக்கு 13 வெள்ளைக் கண் மகள்கள் என்றால் ஏறக்குறைய அதே அளவு மகன்களும் அவர்களுக்குப் பிறந்திருப்பார்கள். 78இல் 13ஐக் கழித்தால் 65, எதிரே 64. இவ்வளவு நெருங்கி வந்ததில் தற்செயலுக்கும் பங்கு உண்டு என்று தெரியும், ஆனாலும் அந்தக் கழித்தலைப் போட்டு முடித்தபோது மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது.

ஐயா சொன்னபடி மண்தொட்டியில் மணல் பரப்பிப் பானையை வைத்தேன். வெளியே 33 டிகிரி இருந்த பிற்பகலில் பானைக்குள் 27. காலை 8 மணிக்குக் காலி செய்து, நண்பகலிலும் மாலையிலுமாக மூன்று நாட்களில் வெள்ளைக் கண் பெண்கள் 11ஐப் பிரித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கரும்பச்சைப் புள்ளியைப் பார்த்தே எடுத்தேன். மூன்று நாட்கள் தனியே வைத்ததில் புழு எதுவும் நெளியவில்லை. இன்று காலை சிவப்புக் கண் ஆண்களைச் சேர்த்து, பஞ்சின் மேல் மெல்லிய துணியையும் கட்டிவிட்டேன். பழப் பாட்டில்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டன. எச்சச் சிறகுப் பெண்களைத் தாயாக வைத்த கலப்பு ஒப்படைக்கும் நாளுக்குள் இரண்டாம் தலைமுறையை எட்டாது. ரெக்கார்டில் 331க்கு 81 என்றே இருக்கிறது.